எதிர் வீட்டு நவாப்

நவாப் ஒரு புறாவைக்கூடக் கொல்லவில்லை. கொன்றது என் வீட்டுப் பூனை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் பழியைத் தூக்கி நவாபின் தலையில் போட்டேன்... போட்டதோடு நிற்காமல், அதைச் சாக்கில் பிடித்துக் கொடுத்ததும் நான்தான்!

இரண்டே வரியில் முடிந்துபோகிற விஷயம். இதைத்தான் இத்தனை நாள் தொண்டையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு பூனைக்காகவா இவ்வளவு என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்களைப் பார்த்து நானும் சிரித்தவன்தான்.

நாகமலை புதுக்கோட்டையில் வாடகை வீடு எங்களுடையது. நான், என் மனைவி செல்வி, அவள் வளர்க்கும் இரண்டு பெட்டைப் பூனைகள். வெள்ளைப் பூனைக்குச் சீனி என்றும், பழுப்புப் பூனைக்கு வெல்லம் என்றும் அவள் பெயர் வைத்தாள். பழங்காநத்தத்தில் ஒரு மோட்டார் பம்புக் கடையில் எனக்கு வேலை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிற விவசாயிகளிடம் பேசிப் பேசியே பம்பு விற்கிறவன். பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பேச்சுதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இந்த இரண்டுக்கும் முன்னால் பொட்டு என்றொரு பூனை இருந்தது. தேனி சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்தது. செல்வி அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் சீனியும் வெல்லமும் வெளியே திரிய ஆரம்பித்ததும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அவளுக்குச் சாலை பயம் என்றால் எனக்குப் பாண்டி பயம். பாண்டி பக்கத்து வீட்டுக்காரன். சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். மொட்டை மாடியில் கூண்டு கட்டிக் கர்ணப்புறா வளர்க்கிறான். அவை வானத்தில் குட்டிக்கரணம் அடித்து இறங்குவதைப் பார்க்கத் தெருவே அண்ணாந்து நிற்கும். ஒருநாள் அவன் கூண்டில் ஒரு குஞ்சு காணாமல் போயிற்று. எந்தப் பூனை தூக்கியது என்று யாருக்கும் தெரியாது. பாண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“அண்ணே, இந்தத் தடவ விட்டுட்டேன். இன்னொண்ணு போச்சு... அப்புறம் நான் பொறுப்பில்ல. பூனைய உள்ள வச்சுக்கங்க.”

சொல்லிவிட்டு அவன் போனான். செய்தி மட்டும் வீட்டு ஓனர் காதுக்கும் போய்விட்டது. அவர் திருப்பரங்குன்றத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போனிலேயே தீர்ப்புச் சொன்னார்.

“இந்தா பாருங்க தம்பி, பூனை வளக்குறது உங்க இஷ்டம். தெருவுல இருந்து இன்னொரு புகார் வந்துச்சு... ஒண்ணு பூனை போகணும், இல்ல நீங்க போகணும். அம்புட்டுத்தான். அப்புறம், காம்பவுண்டுச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கப்படாது, ஆமா!”

ஆணி அடிக்காமல் பூனையை அடைத்து வைப்பது எப்படி? வெளியே திரிந்து ருசி கண்ட பூனைகளை வீட்டுக்குள் பூட்டினால் கதவைப் பிராண்டியே நம்மைப் பைத்தியமாக்கிவிடும். அவற்றுக்குக் கொல்லை வேண்டும், வெயில் வேண்டும், மண் வேண்டும். ஆனால் சுவரைத் தாண்டக் கூடாது. 

நான் யோசித்தேன். காலி பெயிண்டு வாளிகளில் சிமெண்டுக் கலவை கொட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் குழாயை நட்டேன். அவற்றைக் கொல்லைச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்தேன். மாசி வீதிப் பக்கம் ஒரு கயிற்றுக் கடையில் நைலான் வலை வாங்கி வந்து குழாய்களில் இழுத்துக் கட்டினேன். சீனி அதில் ஏணியில் ஏறுவது போல ஏறிப்போய், சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. செல்வி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பிறகுதான் புத்தி வந்தது. வலை விறைப்பாக இருக்கக் கூடாது. கால் வைத்தால் ஆட வேண்டும். குழாயின் தலையில் முழங்கை போல வளைந்த இணைப்பை மாட்டி, வலையின் மேல்பகுதியை உள்பக்கமாகக் கவிழ்த்தேன். ஏறுகிற பூனையின் தலைக்கு மேல் வலை கூரையாக நிற்கும். அப்புறம் அவை ஏறவேயில்லை. படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன. ‘என் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கொசுகூட வெளியே போகாது’ என்று எழுதியிருந்தேன். எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை என்பதே உண்மை.

ஒரே ஒரு சிக்கல். கொல்லை மூலையில், பாண்டி வீட்டுப் பக்கம், ஒரு வேல் நட்டிருக்கிறது. ஓனரின் தகப்பனார் நட்டது. மாதாமாதம் கிருத்திகை அன்று ஓனர் வந்து அதற்குப் பாலூற்றிப் பூ வைத்துக் கும்பிடுவார். அன்றைக்கு வேலுக்கு மேலே வானம் தெரிய வேண்டும், ஒரு நூல்கூட மறைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. எனவே கிருத்திகைதோறும் பூனைகளை அறையில் அடைத்துவிட்டு, அந்த மூலையில் வலையை அவிழ்ப்பேன். அவர் போனதும் திரும்பக் கட்டுவேன். கட்டிய பிறகுதான் அறைக் கதவைத் திறக்க வேண்டும். இது நானே போட்ட சட்டம்.

இனி நவாப். எதிர் வீட்டு மாடியில் ஜரீனா அக்கா குடியிருக்கிறார். அவர் கணவருக்கு டவுனில் பாத்திரக் கடை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். மகளைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்தாயிற்று. பகல் முழுக்க அக்காவுக்குப் பேச்சுத் துணை நவாப் ஒருவன்தான். சாம்பல் நிறத்தில் வரிவரியாக, வால் நுனி கொக்கி போல மடங்கிய பெரிய கடுவன் பூனை. “நவாப் சாகேப், இன்னைக்கு எந்தத் தெருவுல தர்பார்?” என்று நான் கேட்டால், வாலைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து காலில் உரசும். சாப்பாட்டில் மிச்சமாகும் மீன் தலை அவனுக்கென்று என் வீட்டு வாசலில் காத்திருக்கும்.

“உங்கள மாதிரி வலை கட்ட எனக்குக் கொல்லை ஏது தம்பி? அவன் பாவம், சுத்தட்டும்” என்பார் அக்கா.

“சுத்தி சுத்தி வம்ப இழுத்துட்டு வரப்போறான் பாருங்க” என்று நான் சீண்டுவேன். வம்பை இழுத்தது யார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஓனர் வேனில் குடும்பத்தோடு வந்துவிட்டார். குடம் குடமாகப் பால், பூ, சர்க்கரைப் பொங்கல்... கொல்லையே கோயிலாகிவிட்டது. சீனி ஏற்கெனவே பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டிருந்த நேரம். கருத்தடை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று செல்வி சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஆடி கழியட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். மூடிய அறைக்குள் அது போட்ட சத்தத்தில் ஓனரின் மருமகன் முகம் சுளித்தான்.

பூஜை முடிந்தது. மாலையில் திருப்பரங்குன்றத்தில் சாமி பார்க்கச் செல்வியையும் கூட அழைத்தார்கள். நான் சர்க்கரைப் பொங்கலை ஒரு கை பார்த்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். புடவை மாற்றிக்கொண்டு வந்த செல்வி கேட்டாள்:

“ஏங்க, வலையக் கட்டிட்டீங்களா? கதவத் தொறந்து விடட்டுமா?”

“ம்... கட்டியாச்சு” என்றேன்.

கட்டவில்லை! எழுந்து போகச் சோம்பல். இதோ ஒரு நிமிடத்தில் கட்டிவிடப் போகிறோம், அதற்குள் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. அவள் கதவைத் திறந்துவிட்டு வேனில் ஏறினாள். நான் தூங்கிப்போனேன்.

இந்தப் பொய்யை நான் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சிறிய பொய்! வாய் திறந்தால் பறக்கிற ஈ அளவுகூட இல்லை. ‘இன்னும் இல்லடி’ என்று சொல்லியிருந்தால் என்ன கெட்டிருக்கும்? அவள் என்னைத் திட்டியிருப்பாள். அவ்வளவுதானே...

நான் கண்விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கொல்லைக்குப் போனேன். வேலின் பீடத்தில் வழிந்திருந்த பாலை நக்கியபடி சீனி உட்கார்ந்திருந்தது. அதன் வெள்ளை மார்பில் ரத்தம். தாடையில் ஒரு புறா இறகு ஒட்டியிருந்தது. அவிழ்ந்து தொங்கிய வலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? ஐயோ, எந்த உயிர் போயிற்றோ என்றல்லவா! நான் நினைத்தது வேறு. ஓனர் சொன்னதை நினைத்தேன். ஆடி மாதத்தில் யார் நமக்கு வீடு தருவார்கள் என்று நினைத்தேன். பொட்டுவைச் சுமந்து வந்த கையால் செல்வி சீனியையும் எங்கோ கொண்டுபோய் விட வேண்டி வருமே என்று நினைத்தேன். வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதிய கொசு வசனத்தையும் நினைத்தேன்... வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதையும் நினைத்தேன்!

சீனியைத் தூக்கிக் குழாயடியில் கழுவினேன். என் முன்கையை அது கிழித்தது. இறகைப் பொறுக்கிச் சாக்கடையில் போட்டேன். வலையைக் கட்டினேன். கடைசி முடிச்சைப் போட்டு முடிக்கவும் வாசலில் பாண்டியின் குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

பட்டறையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான். கையில் ஒரு துண்டு. அதைப் பிரித்துக் காட்டினான். அடைகாத்துக்கொண்டிருந்த ஜோடி. இரண்டும் போயிற்று. பாண்டி வாட்டசாட்டமான ஆள். அவன் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

“முட்டைய விட்டு எந்திரிக்காம இருந்துச்சுகண்ணே... அப்படியே அமுக்கியிருக்கு.” என் கையைப் பார்த்தான். “என்னண்ணே ரத்தம்?”

“கம்பி கிழிச்சுருச்சு.”

அவனைக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். வலையைக் காட்டினேன். ஆட்டிக் காட்டினேன். பம்பு விற்கிற அதே குரலில் ஒவ்வொரு முடிச்சையும் விளக்கினேன். ஈரமாகச் சுருண்டு கிடந்த சீனியைப் பார்த்தவன், “குளிப்பாட்டுனீங்களா?” என்று கேட்டான். பால் கொட்டிவிட்டது என்றேன்.

“உங்க வீட்டுப் பூனை இல்லண்ணே. பாத்தாலே தெரியுது. அப்ப வேற எது?”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் அத்தோடு போயிருப்பான்! ஆனால் விற்கிற வாய் சும்மா இருக்குமா?

“மத்தியானம் உன் மாடிச் சுவத்துல நவாப் நடந்து போனதப் பாத்தேன்” என்றேன்.

நான் எதையும் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன்.

பாண்டி கெட்டவன் இல்லை. விஷம் வைக்கலாம் என்று யாரோ சொன்னபோது, “ச்சே, வாயில்லா ஜீவன். எங்கயாச்சும் தூரமாக் கொண்டுபோய் விட்டுருவோம்” என்றவன் அவன். நம் ஊரில் இது வழக்கம்தானே. வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிடுவார்கள். அங்கே மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று மனசைத் தேற்றிக்கொள்வார்கள்.

ஜரீனா அக்கா டவுனுக்குப் போயிருந்த ஒரு பகலில் பாண்டி சாக்கோடு வந்தான். நவாப் அவனைக் கண்டதும் ஓடியது. கருவாட்டைக் காட்டியும் வரவில்லை. பாண்டி என்னைப் பார்த்தான்.

“நீங்க கூப்பிட்டா வரும்ணே.”

கூப்பிட்டேன். “நவாப் சாகேப்...” என்றேன். அது வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. என் காலில் உரசியது. நான் அதைத் தூக்கி, சாக்கின் வாயில் இறக்கினேன்.

நான்தான் பைக்கை ஓட்டினேன். பாண்டி பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செக்கானூரணி தாண்டி ஒரு சந்தைக்குப் பக்கத்தில் அவிழ்த்துவிட்டோம். வழி நெடுக அது கத்தவேயில்லை. கத்தியிருந்தால் வண்டியைத் திருப்பியிருப்பேனோ? மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

அன்று மாலையிலிருந்து அக்கா தேட ஆரம்பித்தார். தெருத்தெருவாக, பல்கலைக்கழகம் வரைக்கும், மலையடிவாரம் வரைக்கும். செல்விதான் கூடப் போனாள். திரும்பி வந்து என்னிடம், “அக்கா சாப்பிடவே மாட்டேங்கிறாங்கங்க. பாத்திரத்துல சோத்தப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு மாடிப்படியிலேயே உக்காந்துருக்காங்க” என்று சொல்லி அழுதாள். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

பாண்டிக்கும் மனசு கேட்கவில்லை. “அக்காகிட்டச் சொல்லிருவோமாண்ணே? போய்க் கூட்டிட்டாவது வரட்டும்” என்றான். வேண்டாம், வீணாகச் சண்டை வரும், ஓனர் காதுக்குப் போகும் என்று தடுத்தேன். அவன் தலையாட்டினான்.

ஆனால் அந்தச் சந்தைக்கு நான் மட்டும் போனேன். ஒரு முறையல்ல. பம்பு பார்க்கப் போகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டு, மீன் விற்கும் இடத்தில் குனிந்து குனிந்து “நவாப்... நவாப்...” என்று கூப்பிட்டேன். மீன்காரம்மா ஒருத்தி, “யாருண்ணே நவாப்பு? கடன் வாங்கிட்டு ஓடிட்டாரா?” என்று கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பலகைக்கு அடியில் கிடந்த பூனைகள் எதற்கும் வால் மடங்கியிருக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் என்றாவது மறந்திருப்பேனோ என்னவோ! ஆவணி கடைசியில் ஒருநாள் செல்வி என்னைக் கொல்லைக்கு அழைத்தாள்.

“ஏங்க, சீனி வயித்தப் பாத்தீங்களா?” அவள் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். “இது வெளியவே போகலையே... எப்படிங்க?”

நான் வலையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“ஆடிக் கிருத்திகை அன்னைக்கு வலையக் கட்டியாச்சுன்னு சொன்னீங்கள்ல?”

“கட்டுனேனே!”

அதற்கப்புறம் ஒவ்வொரு கிருத்திகைக்கும் வலையை அவிழ்ப்பதும் கட்டுவதும் அவள்தான். என்னைக் கூப்பிடுவதில்லை.

புரட்டாசியில் சீனி குட்டி போட்டது. அதில் ஒன்று சாம்பல் நிறத்தில் வரிவரியாக இருந்தது. அதன் வால் நுனி மடங்கியிருந்தது.

செய்தி கேட்டு ஜரீனா அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். குட்டியை உள்ளங்கையில் ஏந்தி வாலைத் தடவித் தடவிப் பார்த்தார். “அல்லா! என் நவாபோட பிள்ளை! தம்பி, உங்க வலையையும் தாண்டி வந்துட்டுப் போயிருக்கான் பாத்தீங்களா!” என்று சிரித்தார்... இத்தனை நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பாண்டியும் வந்து பார்த்துவிட்டு, “கொசு போகாத வலைக்குள்ள கடுவன் போயிருச்சேண்ணே! அதான் என் கூண்டுலயும் பூந்துருக்கு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே எதுவும் வரவில்லை, சீனிதான் வெளியே போயிற்று என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செல்வி மட்டும் சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? எல்லோரும் ஒரே இடத்தில் நின்றார்கள். ஒரு வாக்கியம் போதும். நான் வாயைத் திறந்தேன்... “காபி சாப்பிடுறீங்களா?” என்று கேட்டேன்!

கார்த்திகை மழையில் குட்டி பால்குடி மறந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டார். மாடி வராந்தாவுக்கு வலை கட்டித்தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். குழாய், வலை, கயிறு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா குட்டியை மார்போடு வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

“பாண்டி தம்பிகிட்டப் போய் மாப்புக் கேட்டுட்டேன். நவாப் செஞ்சதுக்கு நான்தானே பொறுப்பு? அவன அப்பவே இப்படி அடைச்சு வச்சிருந்தா அந்தப் புறாக்களும் பொழச்சிருக்கும், என் பிள்ளையும் தொலைஞ்சிருக்க மாட்டான். எல்லாம் என் தப்பு தம்பி. இவனுக்கு அப்பன் புத்தி வந்துரப்படாது. நல்லா இறுக்கிக் கட்டுங்க.”

இறுக்கிக் கட்டினேன். ஒரு முடிச்சை மறுபடியும் அவிழ்த்துப் போட வேண்டியிருந்தது. அக்கா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

நீங்கள் என்னிடம் கேட்கலாம், இதை எங்களிடம் சொல்லி என்ன பயன், போய் அவரிடம் சொல்லேன் என்று. நியாயம்தான். தெருவைத் தாண்டினால் அவர் வீட்டுப் படி. தினமும் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டேதான் வண்டியைக் கிளப்புகிறேன்.

நேற்றுக் காலையும் அப்படித்தான் கிளம்பினேன். வலைக்குப் பின்னால் அக்கா குட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

“தம்பி, நவாப் திரும்பி வந்தா... இது தன் பிள்ளைன்னு கண்டுக்குவானா?”

“கண்டுக்குவான்க்கா” என்றேன்.